தகட்டை பிரிட்ஜில் வைக்கவும்

ஊரப்பாக்கம்
12-3-1994

அன்புள்ள அசரியா அண்ணாவுக்கு,

ரேணுகாம்பாள் எழுதுவது. இரண்டு வருடமாகப் பொங்கல் வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டவள், காரியம் ஆக வேண்டும் என்றதும் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உண்மைதான்.

மஸ்கட் வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் எலெக்ட்ரிக் கிதாரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் தட்சிணாமூர்த்தி சாருடைய மெல்லிசைக் குழுவில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வாரநாளில் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் பாடம், சனி ஞாயிறு கச்சேரி. கல்யாணமான பெண்ணுக்கு மேடை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டவர்களை என் மாமியார் அங்காளம்மாள் கவனித்துக்கொண்டார். கோவளத்தில் பிறந்து ஊரப்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவரிடம் இரண்டாம் முறை கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

இப்போது அந்த நாற்காலிக்கே ஆபத்து. போன மாதம் சார் ஒரு கீபோர்டு வாங்கி, அதை வாசிக்கத் துலுக்காணம் என்பவரைச் சேர்த்திருக்கிறார். அதில் இருபத்தைந்தாம் நம்பரை அமுக்கினால் மின்சாரம் இல்லாத மரக் கிதாரின் சத்தம் வருகிறது. நம் பாட்டுகளில் பாதிக்கு மரக் கிதார்தானே வேண்டும். என்னிடம் இருப்பதோ எலெக்ட்ரிக். அந்தப் பாட்டுகள் வரும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், துலுக்காணம் வாசிக்கிறார். தந்திகள் உட்காருகிற குதிரையை ஒட்டி மெதுவாக மீட்டியும் பார்த்துவிட்டேன். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது.

சார் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "இன்னா ரேணுகா, பாதி நேரம் சும்மா குந்திகினு கீற. ஆடி மாசம் படப்பை கோயில் கச்சேரி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்பிடியே இருந்தா நீ வூட்டப் பாத்துக்கோ, நான் குழுவப் பாத்துக்கறேன்."

நாள் முழுக்க ஏ-எஸ்-டி-எஃப் என்று சொல்லிக் கொடுத்தே விரல் மரத்துப்போகிறது அண்ணா. வாரத்தில் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் இது என் கை என்று தோன்றுகிறது. அதையும் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

ஒரே கிதாரில் இரண்டு குரலையும் வரவைக்க வழி உண்டா? நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். வழி இருந்தால், உங்கள் கிதாரில் கை வைக்க அனுமதியும் வேண்டும். என் கணவர் கோபு திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மில்லிங் மிஷின் ஓட்டுகிறார். இரும்பு, பித்தளை வேலை எதுவானாலும் செய்துவிடுவார். உங்களுக்கு மனசில்லை என்றால் "வேண்டாம்" என்று ஒரு வரி போதும், தொட மாட்டேன்.

அன்புடன்,
ரேணுகாம்பாள்

*

மஸ்கட்
27-4-1994

அன்புத் தங்கை ரேணுகாவுக்கு,

கர்த்தர் உன்னையும் கோபுவையும் காப்பாராக. உன் மாமியாருக்கு யாருடைய காவலும் தேவையில்லை என்று தெரியும், இருந்தாலும் அவரையும்.

அனுமதியா? கொடுத்த பொருளுக்கு அனுமதி கேட்டால் எனக்குக் கோபம் வரும். அறுத்துக்கொள், துளைத்துக்கொள், பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொள். வாசிக்காமல் மட்டும் வைத்துவிடாதே. இங்கே நான் எட்டுப் பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். சீப்பு வைக்கவே இடம் இல்லை, கிதார் எங்கே வைப்பது? அது உன்னிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறுதல்.

வழி உண்டு. பதில் ஆறு வாரம் தாமதமானதற்கும் அதுதான் காரணம். இங்கே ஒரு ஓட்டலுக்கு டி.வி. ரிப்பேருக்குப் போனபோது, பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கிதார் வாசிப்பதைப் பார்த்தேன். ஒரே கிதார். பொத்தானை ஒரு பக்கம் தள்ளினால் எலெக்ட்ரிக், மறுபக்கம் தள்ளினால் மரக் கிதார், நடுவில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து. எனக்கு வாய் மூடவில்லை. உன் கதையைச் சொன்னேன். அந்த மனிதர் அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது உனக்கென்று ஒரு தகடு வாங்கி வந்து, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீக்குச்சியை விட மெல்லியது. அழுத்தம் பட்டால் அதற்குள் மின்சாரம் பிறக்கும், அதுதான் மரத்தின் குரல். முகம் தெரியாத உனக்காக ஒருவர் இதைச் செய்திருக்கிறார். உன் ஜெபத்தில் அவரையும் சேர்த்துக்கொள்.

நம் சேலையூர் நர்ஸ் ஞானஜோதி லீவில் நாளை விமானம் ஏறுகிறாள். அவள் கையிலேயே தகடும், பொத்தான் வைத்த சின்ன சர்க்யூட் பலகையும், இந்தக் கடிதமும் வருகின்றன. எதிரே உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே சுருக்கமாக:

தகட்டை பிரிட்ஜில் வைக்கவும். மடிக்காமல் நேராக வைக்கவும். ஈரம் படக் கூடாது. ஒருமுறை வைத்துவிட்டால் அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. பலகையை எப்படி இணைப்பது என்று பிறகு எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
அசரியா

*

ஊரப்பாக்கம்
8-5-1994

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஜோதி அக்கா வீடு தேடி வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். நீங்களும், பெயர் தெரியாத அந்தப் பிலிப்பைன்ஸ் அண்ணனும் எனக்குச் செய்திருப்பதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நன்றி என்று எழுதினால் அந்த வார்த்தை சின்னதாகத் தெரிகிறது. வேறு வார்த்தை இல்லை, அதையே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே தகட்டை அன்றைக்கே பிரிட்ஜில் வைத்துவிட்டோம்.

பிரிட்ஜ் எங்களிடம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் ஆச்சரியம். தை மாதம்தான் வாங்கினோம். விற்காமல் மிஞ்சுகிற மீனை மறுநாளுக்கு வைக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டு வாங்கியது. கோபு கடிதத்தைச் சத்தமாகப் படித்ததும், "பிரிட்ஜுலயா? எதுக்கு?" என்றார் அத்தை. "வெளிநாட்டு சாமான் அத்தை, நம்ம வெயில் தாங்காது போல. போட்டோ பிலிம் கூட அப்படித்தான் வைப்பாங்க" என்று நான்தான் விளக்கம் சொன்னேன். மீன் ஈரம் பட்டுவிடும் என்று அத்தை மேல் தட்டு முழுவதையும் காலி செய்தார். அதுவும் போதாது, வாடை ஏறிவிடும் என்று மற்றத் தட்டுகளிலிருந்தும் மீனை எடுத்துவிட்டார். இப்போது பிரிட்ஜில் இருப்பது கொஞ்சம் இட்லி மாவு, நாலு எலுமிச்சம்பழம், உங்கள் தகடு. தகட்டை ஸ்கேல் பெட்டியில் நேராக வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றியிருக்கிறோம்.

மிஞ்சுகிற மீனை அத்தை சாயங்காலமே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். கரண்ட் போனால் அவருக்குத்தான் பதைப்பு. பக்கத்துத் தெரு ஐஸ் கடைக்கு ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து வைக்கிறார். கோபு ஒரு நாள் ஆசைக்குத் திறந்து பார்க்கப் போனார். "அடிக்கடி எடுக்கக் கூடாதுன்னு எழுதிகீறாருல்ல" என்று அத்தை அவர் கையில் ஒரு அடி போட்டார்.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை எடுக்க மாட்டோம். போன் செய்யலாம் என்றால் உங்கள் அறைக்கு நம்பர் இல்லை என்று ஞானஜோதி அக்கா சொல்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்,
ரேணுகா

*

மஸ்கட்
30-5-1994

ரேணுகா,

குதிரை. குதிரை. குதிரை.

பிரிட்ஜ் என்று நான் எழுதியது ஐஸ் பெட்டியை அல்ல அம்மா. தந்திகள் உட்காருகிற குதிரைக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். சின்ன வயதில் நீ வயலின் கற்றபோது உன் வாத்தியார் உனக்குக் குதிரை என்று சொல்லிக் கொடுத்தார். தாம்பரத்தில் இருந்தவரை நானும் குதிரை என்றுதான் சொன்னேன். இரண்டு வருடம் இங்கே இருந்ததில் வார்த்தை மாறிப்போய்விட்டது, மாறியதே தெரியவில்லை. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதும் அவசரத்தில் தோன்றவில்லை. முட்டாள் நான்தான்.

மூன்று வாரம் சலாலாவில் வேலை. திரும்பி வந்தபோது உன் கடிதம் கட்டிலில் கிடந்தது. சத்தமாகப் படித்தேன். அறையே உருண்டு புரண்டு சிரித்தது. கேரளாக்காரர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். மீனை வெளியே வைத்தார் என்ற இடம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. மே மாத வெயிலில் மீன்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியைக் காலியாக வைத்திருக்கிறார், நான் எழுதிய ஒரு வார்த்தையை நம்பி. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. மறைக்காதே. தப்பு அசரியாவுடையது என்று சொல். திட்டினால் அப்படியே எழுதி அனுப்பு, எனக்கு அது வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: கோபு பித்தளையில் புதிதாக ஒரு குதிரை செய்யட்டும். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தில் தகடு படுக்க வேண்டும், தகட்டின் மேல் எலும்புத் துண்டு, அதன் மேல் தந்திகள். பள்ளத்தின் அடி தண்ணீர் மட்டம் போல் இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் ஒரு தந்தி கத்தும், இன்னொன்று ஊமையாகிவிடும். பலகைக்கு ஒரு சதுர பேட்டரி வேண்டும், ஒன்பது வோல்ட். இணைப்பைத் தனித்தாளில் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு ஒயருக்கும் நிறம் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை மூன்று பேரிடம் காட்டி, புரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

வெட்கத்துடன்,
அசரியா

*

ஊரப்பாக்கம்
26-6-1994

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அதற்குள் தகடு பிரிட்ஜில் நாற்பது நாள் இருந்துவிட்டது.

படித்ததும் முதலில் கோபுவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் சொல்லாமலே இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவர் சாயங்காலம் காலிக் கூடையோடு வந்து, கை கழுவிவிட்டு, பிரிட்ஜ் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அத்தை பிரிட்ஜைத் திறந்து ஸ்கேல் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "அடிப்பாவி, நாப்பது நாளா அதுக்குக் கற்பூரம் காட்டாத கொறை ஒண்ணுதான்" என்றார். சிரித்தார் அண்ணா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இத்தினி நாளு நஷ்டப்பட்டீங்களே அத்தை" என்றேன். "இன்னா நஷ்டம்? ஒனக்கு ஒரு எடம் வேணும்னு நீ அழுதுகினு இருந்த. எங்கிட்ட இருந்தது ஒரு பொட்டி. ஒழிச்சிக் குடுத்தேன். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உடனே போய் குழம்புக்கு எடுத்து வைத்திருந்த வஞ்சிரத்தை உள்ளே வைத்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். என் அம்மா கூட இப்படி எனக்காக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களைத் திட்டவில்லை. "அந்த அசரியா வந்தா ஒரு வேளை மீன் கொழம்பு ஊத்தறேன், முள்ளு ஜாஸ்தியா இருக்கற மீனா பாத்து" என்றார். அவ்வளவுதான் தண்டனை.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் லேசில் முடியவில்லை. கோபு முதலில் செய்த குதிரையில் பள்ளம் ஒரு பக்கம் மட்டும் கால் மில்லி ஆழமாகிவிட்டது. மேலே இரண்டு தந்தி கத்துகிறது, கீழே இரண்டு பேசவே இல்லை. "நான் மிஷின் பார்ட் போடறவன், நாதஸ்வரக் கச்சேரிக்கா போறேன்" என்று அவர் எரிந்து விழ, "ஒழுங்காக அளந்திருந்தால் ஏன் இப்படி" என்று நான் கேட்க, மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் அவராகவே தன் பழைய நெஞ்சு எக்ஸ்ரே பிலிமை எடுத்து, ஓரத்தில் இழை மாதிரி வெட்டி, தகட்டுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் வைத்தார். ஒரு இழை, பார்த்தார். இரண்டு இழை, பார்த்தார். மூன்றாவது இழைக்கு ஆறு தந்தியும் ஒரே அளவில் பேசின. எக்ஸ்ரேயில் அவருடைய விலா எலும்பு வெட்டுப்பட்டிருக்கிறது. "டாக்டரு கேட்டா கிடாருக்குள்ள கீதுன்னு சொல்லு" என்கிறார்.

பொத்தானை மரப்பக்கம் தள்ளி ஒரு தந்தியை மீட்டினேன். இரண்டு வருடமாக என்னோடு இருக்கிற கிதார் வாயைத் திறந்து புதிதாக ஒரு வார்த்தை பேசின மாதிரி இருந்தது. தெருவில் போன ஒருவர் நின்று கேட்டார்.

இனிப் படப்பைதான். ஜூலை 31, ஞாயிறு. தினமும் வாசித்துப் பழகுகிறேன். பயமாக இருக்கிறது.

ரேணுகா

*

மஸ்கட்
20-7-1994

அன்பு ரேணுகாவுக்கு,

உன் கடிதத்தை அந்தப் பிலிப்பைன்ஸ்காரரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். பெயர் ரமோன், இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன். எக்ஸ்ரே விஷயத்தை அவர் நம்பவில்லை. பிறகு தன் கிதாரைக் கையில் கொடுத்து, வாசி என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு தொட்டேன். விரல் நுனி வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. உன்னால் கிடைத்தது, நன்றி தங்கை.

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. இந்தப் பலகையில் குரலை மாற்றத்தான் பொத்தான், பேட்டரியை அணைக்கத் தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஒயரைக் கிதாரில் சொருகினாலே பேட்டரி செலவாக ஆரம்பித்துவிடும், நீ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். பழகி முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். சொருகியே வைத்தால் ஒரு வாரத்தில் பேட்டரி செத்துவிடும், மரக்குரல் வராது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வை. கச்சேரிக்கு முன்பு புது பேட்டரி போடு.

உன் நாற்காலி உன்னிடமே இருக்க வேண்டும் என்று இங்கே எட்டுப் பேர் ஜெபிக்கிறார்கள். அதில் நாலு பேர் ஜெபமே செய்யாதவர்கள்.

அண்ணன்,
அசரியா

*

ஊரப்பாக்கம்
3-8-1994

அன்புள்ள அண்ணா,

ஒயரைப் பிடுங்கச் சொன்ன உங்கள் கடிதம் நேற்று வந்தது. கச்சேரி ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி வாரம் முழுக்க, பழகி முடித்த பிறகும் ஒயரைப் பிடுங்காமல் சொருகியேதான் வைத்திருந்தேன். படப்பையில் அம்மன் கோயில் எதிரே மேடை. கூழ் ஊற்றி முடித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். முன்வரிசையில் அத்தையும் கோபுவும். முதல் பாட்டே மரக் கிதார் தனியாக ஆரம்பிக்கிற பாட்டு. சார் வேண்டுமென்றேதான் அதை முதலில் வைத்தார். பொத்தானை மரப்பக்கம் தள்ளி மீட்டினேன். ஒன்றும் வரவில்லை.

ஆனால் ஸ்பீக்கரில் கிதார் கேட்டது. நான் எந்த வேகத்தில் விரலை நகர்த்தினேனோ அதே வேகத்தில், நான் வாசிக்க வேண்டிய அதே சுரங்கள். திரும்பிப் பார்த்தேன். துலுக்காணம். இடது கையால் இருபத்தைந்தாம் நம்பரில் என் பகுதியையும், வலது கையால் தன் பகுதியையும் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, கோயில் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஒரே கைதட்டல். "கிடாரம்மா" என்று யாரோ கூப்பிட்டார்கள். சார் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது எலெக்ட்ரிக் பாட்டு, சமாளித்துவிட்டேன். இடையில் துலுக்காணம் குனிந்து, கிரிக்கெட் கேட்க வைத்திருந்த குட்டி ரேடியோவைத் திறந்து, சதுர பேட்டரியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். "பேட்டரி பூட்ச்சி அக்கா, மாத்து" என்றார். "எதுக்கு இதெல்லாம் செய்யறீங்க? நான் போனா உங்களுக்கு நல்லதுதானே" என்று கேட்டேன். "இன்னிக்கு என் பொட்டிய வச்சி உன்ன எறக்குவாரு. நாளைக்கு இன்னொரு பொட்டி வரும், அப்ப என்ன எறக்குவாரு. எனுக்கு யாரு கீறாங்க?" என்றார்.

பேட்டரி மாற்றினபிறகு கிதார் என் சொல்லைக் கேட்டது. ஐந்தாவது பாட்டில் மரக்குரலில் ஆரம்பித்து, நடுவில் இரண்டையும் சேர்த்து, கடைசியில் எலெக்ட்ரிக்குக்குப் போனேன். பாட்டு நிற்கவே இல்லை. நீங்கள், ரமோன் அண்ணன், கோபு, அத்தை எல்லோரும் என் விரலில் இருந்தீர்கள். அப்படித்தான் உணர்ந்தேன், மிகையாகச் சொல்லவில்லை.

பிறகு வழக்கம்போல் சார் மைக்கில் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். என் முறை வந்ததும், "எங்க கிதாரு ரேணுகாம்பாள், இன்னிக்கு மொதப் பாட்டுலயே அசத்திட்டாங்க" என்று சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார். நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி கைக்கு வந்துவிட்டது. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"முதல் பாட்டில் என் கிதார் பேசவில்லை. நீங்கள் கேட்டது துலுக்காணம் வாசித்தது. என் மானத்தைக் காப்பாற்றியது அவர். அந்தக் கைதட்டல் அவருக்குச் சேர வேண்டும்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

போச்சு என்று நினைத்தேன். முதலில் அத்தைதான் தட்டினார். பிறகு எல்லோரும். துலுக்காணம் எழுந்து நிற்கத் தெரியாமல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது சார் வந்து நின்றார். "ஏம்மா, சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. எதுக்குச் சொன்ன?"

"கை என்னுது சார், சத்தம் அவரோடது. கைதட்டல மட்டும் நான் எப்படி வாங்கிக்கறது?"

என் கையிலிருந்த ஒயரை வாங்கி மீதியைச் சுற்றினார். பிறகு துலுக்காணத்தைப் பார்த்து, "யோவ், அடுத்த வாரம் மணிமங்கலம். ரெண்டு பேரும் வரணும். வேன்ல எடம் பத்தாது, சொல்லிட்டேன். அவங்கவங்க சாமான அவங்கவங்க மடியில வச்சிகினு குந்துங்க" என்றார்.

அன்றைக்கே அப்படித்தான் வந்தோம் அண்ணா. என் மடியில் கிதார், அவர் மடியில் கீபோர்டு. ஊரப்பாக்கம் வரும்வரை இரண்டு பேராலும் காலை நீட்ட முடியவில்லை.

அன்புடன்,
ரேணுகாம்பாள்